போதைப்பொருட்கள் மூளையில் என்ன செய்கின்றன? கருத்தரங்குக்கு முன் தெளிவுபெற வேண்டிய சில கேள்விகள்

வட்டக்கச்சி வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் பெற்றோருக்கும் உயர்தர மாணவருக்குமாக ஒரு கருத்தரங்கை ஒழுங்கு செய்திருக்கிறது. போதைப்பொருட்கள் மூளையையும் நடத்தையையும் எவ்வாறு மாற்றுகின்றன என்று பேசும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. நான் விஞ்ஞானம் கற்பிப்பவன். மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் என்று மூளையின் பகுதிகள் பாடநூலில் உள்ள அளவுக்கு எனக்குத் தெரியும். அதற்கு அப்பால் தெரிந்தவர்களின் உதவி வேண்டும்.

இத்தகைய கூட்டங்களில் வழக்கமாக நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கருகிய நுரையீரலின் படத்தைக் காட்டுவார்கள், ஒரு பொலிஸ் அதிகாரி தண்டனைகளை வாசிப்பார், தாய்மார் கண்கலங்குவார்கள், பிறகு வடையும் தேநீரும் வரும். பின்வரிசையில் இருக்கும் பையன்களுள் சிலர் அந்தப் பொருட்களை ஏற்கெனவே பாவித்துப் பார்த்தவர்கள். பேச்சாளருக்கு விடயம் தெரியாது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். களவாகக் காய்ச்சும் கசிப்பு, கஞ்சா, ஐஸ், ஹெரோயின், மாத்திரை, பாக்கும் புகையிலையும் சேர்ந்த மாவா என எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடும் பேச்சை நான் பேச விரும்பவில்லை.

பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். கெடுதல் என்று அவனுக்கே தெரியும், அழுது சத்தியம் செய்கிறான், புனர்வாழ்வுக்குப் போய் உடம்பு தேறி வருகிறான், பிறகு ஏன் வந்த கிழமையே பழையபடி போகிறான்? "திமிர்" என்பதைத் தவிர அவர்களிடம் வேறு விளக்கம் இல்லை. என்னிடமும் இல்லை.

மருதநிழல்

ஆசிரியருக்கு வணக்கம். வன்னியில் ஒரு வைத்தியசாலையில் வைத்திய அதிகாரியாகப் பணிபுரிகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவை அதிலிருந்து கிளைப்பவை.

1954 இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் என்ற இருவரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்வாய்களைப் பொருத்தி, எலி ஒரு நெம்பை அழுத்தும்போது அவ்விடத்துக்குச் சிறிய மின்னோட்டம் செல்லுமாறு செய்தார்கள். குறித்த சில இடங்களில் மின்வாய் அமைந்துவிட்ட எலிகள் மணித்தியாலத்துக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் நெம்பை அழுத்திக்கொண்டேயிருந்தன. பின்வந்த சோதனைகளில், பசித்திருந்த எலிகளும் அருகிலிருந்த உணவை விட்டுவிட்டு நெம்பிடமே நின்றன. நடுமூளையில் தொடங்கி முன்மூளையின் அடிப்பகுதியிலுள்ள அக்கும்பன்ஸ் கருவை அடையும் ஒரு நரம்புப் பாதை இதில் முக்கியமானது என்பதும், அதிலே செய்தி கடத்தும் இரசாயனம் டொபமின் என்பதும் பின்னர் தெளிவாயின.

டொபமினை "இன்பத்தின் இரசாயனம்" என்று பத்திரிகைகள் எழுதுவதை உங்கள் பேச்சில் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். 1990களில் வொல்ஃப்ராம் சூல்ட்ஸ் குரங்குகளின் டொபமின் கலங்களைப் பதிவுசெய்தபோது வேறொன்று தெரியவந்தது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அக்கலங்கள் பாய்ந்து இயங்கின. ஒரு விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகியதும், அவை விளக்கு எரிந்தபோதே இயங்கின. சாறு வந்தபோது வழக்கமான அளவிலேயே இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான அளவிலிருந்தும் கீழே இறங்கின. டொபமின் சொல்வது "இது இனிக்கிறது" என்பதையல்ல. "நீ நினைத்ததைவிட நல்லது ஒன்று நடந்திருக்கிறது, இதற்கு முன் நடந்ததை நினைவில் வை, மறுபடியும் தேடு" என்பதையே அது சொல்கிறது. விரும்பிச் சுவைப்பதும் தேடி அலைவதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று ரெறி ரொபின்சன், கென்ற் பெரிஜ் ஆகியோர் 1993 இல் முன்வைத்த விளக்கம் இதனோடு பொருந்துகிறது. நீண்டகாலம் பாவித்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "இப்போது அதில் ஒரு சுகமும் இல்லை, ஆனால் இல்லாமல் இருக்க முடியவில்லை" என்பார். பொய் சொல்கிறார் என்று வீட்டார் நினைப்பார்கள். அவருடைய மூளையில் நடப்பதை அதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

இனிப் பொருட்களுக்கு வருவோம். இரணைமடுக் குளத்தின் துருசைத் திறந்து, வயலுக்கு வேண்டிய அளவு தண்ணீரை விட்டுப் பிறகு மூடுவதைப் பார்த்திருக்கிறோம். உணவு, நட்பு, பரீட்சையில் சித்தி எல்லாம் டொபமினை அப்படித்தான் விடுகின்றன. ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமின் குளக்கட்டையே வெட்டிவிடுகிறது. வெளிவிட்ட டொபமினை மீள உள்ளிழுக்கும் பம்பி வழியாக அது நரம்புக் கலத்துக்குள் புகுந்து, சிறு பைகளில் சேமித்திருந்த டொபமினைக் கலத்துக்குள் கொட்டச் செய்து, அதே பம்பியைப் பின்னோக்கி இயங்கவைக்கிறது. எலிகளில் அளந்தபோது உணவு டொபமினைச் சுமார் ஒன்றரை மடங்காக உயர்த்தியது. ஐஸின் உறவினமான அம்பெற்றமின் பத்து மடங்கு அளவுக்கு உயர்த்தியது. உடலில் பாதியளவு கழியவே பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் எடுக்கும் பொருள் ஐஸ். ஆகவேதான் இரண்டு மூன்று இரவுகள் தூக்கமில்லாமல் இருக்கிறார்கள், வேலிக்கு வெளியே யாரோ நிற்பதாகச் சொல்கிறார்கள், தோலுக்குக் கீழே பூச்சி ஊர்வதாகச் சொறிந்து புண்ணாக்குகிறார்கள்.

இவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு மூளை பணிந்துபோகாது. தன்னைக் காத்துக்கொள்ள, டொபமினின் செய்தியை ஏற்கும் வாங்கிகளைக் குறைத்துக்கொள்கிறது. நோரா வொல்கோவ் குழுவினர் எடுத்த மூளைப் படங்களில் இந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. பிறகு சாதாரண வாழ்க்கையின் சிறிய மகிழ்ச்சிகள் உறைக்க மாட்டா. பந்து விளையாட்டும் தாயின் சமையலும் வெறும் சக்கையாகிவிடும். பல மாதங்கள், ஒரு வருடத்துக்கும் மேலாக விலகியிருந்தவர்களில் சில மாற்றங்கள் பெருமளவு திரும்பி வந்ததையும் அதே குழுவினர் கண்டார்கள் என்பதைப் பெற்றோருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். வந்த கிழமையே அவன் பழையபடி ஆகவில்லை என்று கோபிப்பவர்களுக்கு இந்தக் கால அளவு தெரிய வேண்டும்.

பனையடி

டொக்டர் தம்பி எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். எனக்கு எழுபது கடந்துவிட்டது. நாங்களும் தவறணையில் இருந்து பிளாவில் கள்ளுக் குடித்தவர்கள்தான். அந்தக் காலத்தில் ஊரே குடித்தது. ஆனாலும் ஊர் இப்படிக் குழம்பவில்லை. கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி என்று பரியாரியாரே சொல்லுவார். இப்போது எல்லாவற்றுக்கும் மூளை, இரசாயனம் என்று விளக்கம் சொல்லி, பனையை நம்பி வாழும் தொழிலாளியின் வயிற்றிலும் அடித்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கள்ளையும் ஐஸையும் ஒரே மேடையில் வைத்துப் பேச வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரவுக்கடமை

பனையடி ஐயா, நான் ஒரு தாதி உத்தியோகத்தர். கள்ளும் ஐஸும் ஒன்றல்ல என்பதில் நீங்கள் சொல்வது சரி. கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ ஐந்து சதவீதம். சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு. வயிறு நிரம்புவதற்குள் எவ்வளவு மதுசாரம் உள்ளே போகும் என்பது இதைப் பொறுத்தது. தவறணைக்கு நேரமும் இருந்தது, கூட இருந்து "போதும், எழும்பு" என்று சொல்ல ஆளும் இருந்தது. இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து, 2009க்குப் பிறகு காடு பற்றிய காணிக்குத் திரும்பி வந்து, தனிமையில் கசிப்பைக் குடிப்பவனுக்கு அந்த ஆள் இல்லை. வன்னியில் போருக்குப் பின் மக்கள் பட்ட உளக்காயத்தைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் எழுதிய ஆய்வு, குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்ததைத்தான் முதன்மையாகப் பேசுகிறது.

ஆனால் உங்கள் பதிவைப் படிக்கும் யாரேனும் மதுசாரம் சாதுவானது என்று நினைத்துவிடக் கூடாது. நாளாந்தம் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் அந்த நிறுத்தமே கொல்லக்கூடும். ஹெரோயினை நிறுத்துபவர் உடல் நொந்து, வாந்தியெடுத்து, உயிர் போவதுபோல் துடிப்பார். உடல் நீரிழக்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் உயிர் போகாது. கசிப்பை நிறுத்துபவர் அமைதியாக இருப்பதுபோலத் தோன்றி முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வந்து இறக்கலாம். மூளையில் வேகத்தை அடக்கும் காபா என்ற இரசாயனத்தை மதுசாரம் ஊக்குவிக்கிறது. தூண்டிவிடும் குளூட்டமேற்றை மறிக்கிறது. பல வருடங்கள் இப்படிச் சென்றால், மூளை சமன் செய்துகொள்வதற்காக அடக்கும் வாங்கிகளைத் தளர்த்தித் தூண்டும் வாங்கிகளைப் பெருக்கிவைக்கிறது. மதுசாரம் திடீரென விலகியதும் எஞ்சி நிற்பது தூண்டுதல் மட்டுமே. முதலில் கைநடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் பிதற்றல் தொடங்கலாம்.

கால் முறிவுக்காக எங்கள் விடுதியில் சேர்க்கப்பட்ட கடற்றொழிலாளி ஒருவரை நினைத்துப் பார்க்கிறேன். அவர் குடிப்பவர் என்று வீட்டார் சொல்லவில்லை. மரியாதைக் குறைவு என்று மறைத்துவிட்டார்கள். ஓர் இரவு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, படுக்கை விரிப்பைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார். கரைவலை இழுக்கிறார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து, "மடி பாரமாக் கிடக்கு, பிடி" என்று அதட்டுகிறார். உடம்பு முழுவதும் வியர்வை, நாடி ஓடுகிறது. மனைவி விபூதி பூசி, யாரையோ அழைத்துவர வெளியே போக ஆயத்தமானார். தொழிலில் செய்த அசைவுகளை அப்படியே செய்வது இந்தப் பிதற்றலில் அறியப்பட்ட ஒன்று. டயசபாம் போன்ற மருந்தும், நாளத்தின் வழியே தயமின் என்ற விற்றமின் B1 உம் கொடுக்கப்பட்டன. குளுக்கோசு ஏற்றுவதற்கு முன்னரோ அதனுடன் சேர்த்தோ தயமினைக் கொடுக்காவிட்டால் கண் அசைவும் நடையும் நினைவும் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். சோறு தின்னாமல் கசிப்பிலேயே நாளைக் கழித்தவர்களின் உடலில் தயமின் ஏறக்குறைய இராது.

ஆசிரியர் ஐயா, கருத்தரங்கில் ஒரு வசனம் போதும்: நாளும் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்துத் திருத்த முயலாதீர்கள், வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து உள்ளதைச் சொல்லுங்கள்.

பழைய காயம்

இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தே எழுதுகிறேன். எனக்கு முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஷெல் துண்டு இருக்கிறது. எடுத்தால் கால் இயங்காமல் போகலாம் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இல்லாத பாதத்தில் இரவில் நெருப்புக் கொட்டியதுபோல எரியும். கிளினிக்கில் தந்த பிரிகபலினையும் சிலவேளைகளில் ட்ரமடோலையும் பல வருடங்களாகப் பாவிக்கிறேன். அண்மையில் ஒரு மருந்தகத்தில் மருந்துத் துண்டைக் கொடுத்தபோது அங்கிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்தக் குளிசை போதைக்காரர் கேட்கிறது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். என் மகன் பக்கத்தில் நின்றான்.

மருந்து ஒரு நாள் தவறினால் எனக்கு நடுக்கமும் தூக்கமின்மையும் வருகின்றன. அப்படியானால் நானும் போதைக்கு அடிமையானவன்தானா? மனச்சாட்சிப்படி பதில் சொல்லுங்கள்.

மருந்துத்தட்டு

அண்ணை, நான் மருந்தாளர். முதலில் அந்த மருந்தகத்தில் நடந்தது தவறு. அதை வேறு எந்த வார்த்தையிலும் சொல்ல முடியாது.

பிரிகபலின் நரம்பு முனைகளில் கல்சியம் நுழையும் வாயில்களின் ஒரு பகுதியில் ஒட்டிக்கொண்டு, நோவைக் கடத்தும் இரசாயனங்கள் அளவுக்கு மீறி வெளிவருவதைக் குறைக்கிறது. வெட்டுண்ட நரம்பு தானாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போது, உங்களுக்கு வரும் அந்த எரிவுக்கு இது பொருத்தமான மருந்துதான். இதே மாத்திரையைப் பையன்கள் பல மடங்கு அளவில், பெரும்பாலும் கசிப்போடோ ஹெரோயினோடோ சேர்த்து விழுங்குகிறார்கள். தனியே பாவித்தால் மயக்கமும் தள்ளாட்டமும் வரும். ஒன்றோடொன்று சேரும்போது மூச்சுக்குரிய மையம் இரண்டு பக்கத்திலிருந்தும் அழுத்தப்படுகிறது. தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். ட்ரமடோலுக்கு இன்னுமொரு குணம் உண்டு. அது ஹெரோயின் போன்ற ஓபியொயிட் பொருட்கள் ஒட்டும் வாங்கியில் இயங்குவதோடு செரற்றோனின், நோர் அட்ரினலின் ஆகிய மூளை இரசாயனங்களின் மீளுறிஞ்சலையும் தடுக்கிறது. அளவு கூடினால் வலிப்பு வரும். மாத்திரைதானே, தூள் இல்லையே, கொம்பனி செய்ததுதானே என்ற நம்பிக்கையில் பையன்கள் எடுப்பதுதான் எனக்குப் பயம்.

உங்கள் கேள்வியின் மருத்துவப் பகுதியை டொக்டர் சொல்வது பொருத்தம்.

மருதநிழல்

இல்லை, நீங்கள் அடிமையானவர் அல்லர். உங்கள் உடல் அந்த மருந்தில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

தங்கியிருத்தல் என்பது உடலியல். வலிப்புக்கு மருந்தெடுப்பவர், சில இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர், நாள்தோறும் கோப்பி குடிப்பவர் எல்லோருக்கும் அது நேரும். திடீரென நிறுத்தினால் உடல் எதிர்ப்புக் காட்டும். அடிமைப்படுதல் என்பது நடத்தை. பொருளைத் தேடுவதற்காக மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கைவிடுவதும், கேடு வந்தபிறகும் தொடர்வதும், அளவைத் தானே தீர்மானிக்க முடியாமல் போவதும் அதன் அடையாளங்கள். மருந்து உங்களை வேலைக்குப் போகவும் மகனோடு இருக்கவும் விடுகிறது. மற்றவனை அது இவ்விரண்டிலிருந்தும் பிரிக்கிறது. ஒரே மாத்திரை, ஒரே வாங்கி. எந்த அளவில், எந்த வேகத்தில், எதற்காக உள்ளே போகிறது என்பது வேறு. மெதுவாக ஏறும் மாத்திரையைவிடப் புகையாக உள்ளே இழுத்து நொடிகளில் மூளையை அடையும் பொருள் அதிகமாகப் பிடித்துக்கொள்வதும் இதனாலேயே. சிகரெட்டிலுள்ள நிக்கொட்டின் சுமார் 10 முதல் 20 செக்கனுக்குள் மூளையை அடைகிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அவமானப்பட்டோம் என்று மருந்தைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். பிரிகபலினைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். ட்ரமடோலும் சேர்வதால் இரவில் குறட்டை கூடியதா, பகலில் அளவுமீறிய தூக்கம் வருகிறதா என்பதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். மதுசாரத்தை இவற்றோடு சேர்க்கவே வேண்டாம்.

ஏ9 பயணி

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவனுக்கும் மூளையைக் காரணம் சொல்லிக் கொடுத்தால் எவன் திருந்துவான்? முதல் தடவை எடுத்தது அவனுடைய முடிவுதானே. ஹெரோயின் 2 கிராமுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் என்று 1984 இலேயே சட்டம் வந்தது. 2022 திருத்தத்தில் ஐஸ் 5 கிராமுக்கும் அதுவே. இறுக்கிப் பிடித்தால் ஓடிவிடுவார்கள். இதமாகப் பேசிப் பேசித்தான் கெட்டது.

மருதநிழல்

முதல் தடவை முடிவு அவனுடையது என்பதை நான் மறுக்கவில்லை. பதினாறு வயதில் அந்த முடிவை எடுக்கும் முன்நெற்றிப் பகுதி இன்னும் கட்டி முடிக்கப்படாத ஒன்று என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இருபதுகளின் நடுப்பகுதியில்தான் முதிர்கிறது. நீங்கள் சொன்ன சட்டம் 1984 இலிருந்து இருக்கிறது. நாற்பது வருடங்களுக்குப் பிறகு நாம் இந்த இழையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படையினரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமைப்பட்டிருந்தனர். நாடு திரும்பியவர்களை லீ ரொபின்ஸ் 1970களில் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, அவர்களில் மிகச் சிறிய பங்கினரே முதல் வருடத்தில் மீண்டும் அடிமைப்பட்டிருந்தார்கள். சூல்ட்ஸின் குரங்குகள் பார்த்த அந்த விளக்கு, இவர்கள் திரும்பி வந்த இடத்தில் எரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்: அதே பதுங்குகுழி இல்லை, அதே பயம் இல்லை, அதே விற்பனையாளன் இல்லை. நாம் செய்வது இதற்கு நேர்மாறானது. பையனை வெளிமாவட்ட நிலையம் ஒன்றுக்கு அனுப்புகிறோம். அங்கே எதுவும் அவனுக்கு நினைவூட்டுவதில்லை, நன்றாக இருக்கிறான். பிறகு அதே மதகடிக்கு, அதே நண்பனுக்கு, வேலையில்லாத அதே பகலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறோம். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைக் கண்டாலே அவனுடைய டொபமின் கலங்கள் இயங்கத் தொடங்கிவிடும். ஆசிரியர் ஐயாவின் முதல் கேள்விக்குரிய விடை இங்கேதான் இருக்கிறது.

இதைவிடப் பயங்கரமான பக்கமும் ஒன்று உண்டு. 1982 இல் ஷெப்பேர்ட் சீகல் எலிகளுக்கு ஹெரோயினைப் பழக்கி, பிறகு பெரிய அளவு ஒன்றைக் கொடுத்தார். பழகிய அறையிலேயே பெற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு இறந்தது. புதிய அறையில் பெற்றவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இறந்தது. அளவு ஒன்றே. பழகிய இடத்தில் உடல் முன்கூட்டியே தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. புதிய இடத்தில் அந்த ஆயத்தம் இல்லை. சிறையிலிருந்தோ புனர்வாழ்விலிருந்தோ வெளிவந்தவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: தாக்குப்பிடிக்கும் சக்தி போய்விட்டது, பழைய அளவு மட்டும் நினைவில் இருக்கிறது. நீள்வளைய மையவிழையம் இருக்கும் மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் கலங்களை ஓபியொயிட் அடக்கிவிடும். கண்மணி ஊசிமுனை அளவாகி, உதடு நீலம் பூத்து, எழுப்பியும் எழாதவரைத் தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். நலொக்சோன் என்ற மருந்து அந்த வாங்கிகளிலிருந்து ஹெரோயினைத் தள்ளிவிட்டு நிமிடங்களில் மூச்சைத் திருப்பும். ஆனால் அதன் வேலை ஹெரோயினுக்கு முன்பே முடிந்துவிடலாம் என்பதால், எழுந்தவரை உடனே வீட்டுக்குக் கூட்டிச் செல்ல வேண்டாம். தண்டனைக்குப் பயந்து நண்பர்கள் ஆளை ரோட்டோரத்தில் போட்டுவிட்டு ஓடுவதையும் நாங்கள் பார்க்கிறோம், ஏ9 பயணி அவர்களே.

இழைப் பொறுப்பாளர்

யாருடைய பெயரையும் விற்பனை நடக்கும் இடத்தையும் இங்கே எழுத வேண்டாம். அத்தகைய இரண்டு பதிவுகளை நீக்கியுள்ளேன்.

உயிரியல் மாணவி

வணக்கம். நான் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் சிலர் கஞ்சா செடிதானே, அது மூலிகை, படிக்கும்போது மனம் ஒருமைப்படும், அதனால் யாரும் இறந்ததில்லை என்கிறார்கள். மாவாவையும் பாக்குத்தானே என்கிறார்கள். ரியூசனுக்கு வெளியே இரண்டும் சாதாரணமாகிவிட்டன. இவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது?

மருதநிழல்

தங்கைக்கு, அவர்கள் சொல்வதில் உண்மையான பகுதியை ஒத்துக்கொண்டே தொடங்குங்கள். கஞ்சாவின் செயற்பொருளான ரீஎச்சீயை (THC) 1964 இல் மெச்சோலம், கௌனி ஆகிய இஸ்ரேலிய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தனர். அது ஒட்டிக்கொள்ளும் சீபீ1 வாங்கிகள் மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் மிகக் குறைவு. ஆகவே ஹெரோயினைப் போல மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை. அதே வாங்கிகள் செறிந்திருக்கும் இடங்களைப் பாருங்கள்: புதிய நினைவைப் பதியும் ஹிப்போகம்பஸ், உடற்சமநிலையைப் பேணும் மூளி, நேர உணர்வோடும் அசைவோடும் தொடர்புடைய அடிக்கருக்கள், முன்நெற்றிப் பகுதி. படித்தது நன்றாக ஏறியதுபோலத் தோன்றும். மறுநாள் தாளில் எழுத வராது. மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது மூளியின் வேலை தெரியும்.

பெரிய ஆபத்து மனச்சிதைவு போன்ற நோய்களின் பக்கத்தில் இருக்கிறது. 2019 இல் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றையும் பிரேசிலையும் சேர்த்து வெளிவந்த ஆய்வில், வீரியம் கூடிய கஞ்சாவை நாள்தோறும் பாவித்தவர்களுக்கு உளப்பிறழ்வு ஏற்படும் வாய்ப்பு பாவிக்காதவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்காகக் காணப்பட்டது. எல்லோருக்கும் வருவதில்லை. குடும்பத்தில் அந்நோய் இருந்தவருக்கும் சிறு வயதில் தொடங்கியவருக்கும் வாய்ப்பு அதிகம். தனக்கு அந்தச் சாய்வு இருக்கிறதா என்பதை முன்கூட்டிச் சொல்லும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. கடல்வழியாக வந்து மன்னார், முல்லைத்தீவுக் கரைகளில் பிடிபடும் கேரளக் கஞ்சாவில் எந்தப் பொதியில் எவ்வளவு வீரியம் என்பதையும் யாரும் லேபிள் ஒட்டி விற்பதில்லை.

மாவாவுக்கு நேரம் செலவிட வேண்டாம். பாக்கிலுள்ள அரிக்கொலினும் புகையிலையிலுள்ள நிக்கொட்டினும் சேர்ந்து ஒரு விழிப்பைத் தரும். விலை வாய்ப் புற்றுநோய். புகையிலை சேராத வெற்றிலைபாக்கையே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டது.

பனையடி

மோளே, வெற்றிலையையும் விடச் சொல்லிவிட்டார்களே! இந்த வயதில் எனக்கு மிஞ்சியிருந்தது அதுதான். சரி, பாக்கைக் குறைக்கப் பார்க்கிறேன்.

ஒரு தமக்கை

இங்கே வைத்தியர்கள் இருப்பதால் கேட்கிறேன். என் தம்பி ஐஸ் பாவித்தவன். சில நாட்களாகப் பொருள் கிடைக்கவில்லை. தானாகவே விட்டுவிட்டேன் என்கிறான். நேற்று முன்தினம் படுத்தவன் சாப்பாட்டுக்கு மட்டும் எழும்பி மறுபடியும் தூங்குகிறான். எழும்பும்போது எரிந்து விழுகிறான், அல்லது ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தத் தூக்கம் நல்லதா, கெட்டதா? எழுப்பி வேலைக்கு அனுப்பச் சொல்லி அப்பா நிற்கிறார். முன்பு அவனுக்கு யாரோ தன்னைக் கொல்ல வருவதாக ஒரு பயம் இருந்தது.

மருதநிழல்

தங்கச்சி, ஐஸை விட்டவுடன் வரும் நீண்ட தூக்கமும் அகோரப் பசியும் எதிர்பார்க்கக்கூடியவை. தூங்க விடுங்கள். அழைத்தால் கண் திறந்து பதில் சொல்கிறானா, மூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் இடையிடையே பாருங்கள். வேறு ஏதாவது மாத்திரையும் எடுத்திருந்தால் அது வேறு விடயம்; உடனே கொண்டுவாருங்கள். தண்ணீரும் சோறும் அருகில் இருக்கட்டும். அப்பாவை இப்போதைக்குப் புத்திமதி சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டொபமின் வறண்டுபோன மூளையில் அது ஏறாது. கொல்ல வருகிறார்கள் என்ற பயம் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். அடங்காவிட்டால், அல்லது அந்தப் பயத்தில் கத்தியையோ மண்வெட்டியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தால், உளநலக் கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள்.

இரவுக்கடமை

டொக்டர் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன், தங்கச்சி. தூக்கம் முடிந்து எழும்பிய பிறகு வரும் கிழமைதான் எங்களுக்குப் பயம். எதிலும் நாட்டமில்லாத வெறுமை அப்போதுதான் முழுதாகத் தெரியவரும். உயிரை மாய்க்கும் எண்ணம் வருவதும் அப்போதுதான். சாக எண்ணம் வருகிறதா என்று அவனிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. உங்களுடையது வயல் செய்யும் வீடென்றால், களைநாசினி, கிருமிநாசினிப் போத்தல்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தாழ்வாரத்திலோ விதைநெல் மூட்டைக்குப் பின்னாலோ இருந்தால் இன்றைக்கே எடுத்து, பூட்டுள்ள வேறொரு வீட்டில் கொடுத்துவையுங்கள். திறப்பும் அங்கேயே இருக்கட்டும். இந்த நாட்டில் கொடிய கிருமிநாசினிகளைத் தடைசெய்த பின்னரே தற்கொலைச் சாவுகள் பெருமளவில் குறைந்தன. ஆகவே இதை வீண் பதற்றம் என்று அப்பா சொன்னாலும் கேட்க வேண்டாம். பேச ஆள் வேண்டுமென்றால் 1926 உளநல இலக்கம். போதைப்பொருள் பற்றிய ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927.

ஒரு தமக்கை

போத்தல்கள் பம்பு அறையில்தான் இருந்தன அக்கா. பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அவன் எழும்பியதும் மறுபடியும் எழுதுகிறேன்.

வட்டக்கச்சி வாத்தியார்

தங்கச்சி, முதலில் அதைச் செய்யுங்கள். உங்கள் பதிவைப் பார்த்த பிறகு என் பேச்சின் ஒழுங்கை மாற்றிவிட்டேன்: நிறுத்தும்போது எந்தப் பொருளுக்கு என்ன நடக்கும் என்பதை முதலில் வைத்து, டொபமினைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். இரவுக்கடமை அக்காவிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறை கிடைக்குமானால் அன்றைக்கு வந்து கசிப்புப் பகுதியை நீங்களே பேசுங்கள்; கரைவலை இழுத்தவரைப் பற்றி நான் சொன்னால் பின்வரிசை நம்பாது.

இரவுக்கடமை

பிற்பகலாக இருந்தால் வருகிறேன். ஒலிவாங்கி வேண்டாம், கதிரைகளை வட்டமாகப் போடுங்கள்.